இரண்டு கை உப்பு

“உங்கண்ணன் அனுப்பினாரா?”

“இல்ல அண்ணி. நான் இங்க வந்ததே அவருக்குத் தெரியாது.”

“அப்புறம் எதுக்கு வந்தே?”

“மாவு அறுந்து அறுந்து போகுது அண்ணி. சுவத்துல ஆணி அடிச்சு, ஒரு பக்கத்தை அதுல மாட்டிட்டு இழுக்குறாரு. பாக்கவே சகிக்கல. பால்கடைக்காரர் வந்து, ‘என்ன மாஸ்டர், பேணி கேட்டா கயிறு குடுக்குறீங்க’ன்னுட்டுப் போறாரு. நோன்பு மாசம் முடியிற வரைக்கும் பகல்ல வந்து இழுத்துக் குடுத்துட்டுப் போங்க. வீட்டுக்கு வாங்கன்னு நான் கூப்பிடல. அதைக் கூப்பிட வேண்டியவரு கூப்பிடணும். நான் வேலைக்குத்தான் கூப்பிடுறேன்.”

“வேலைக்குன்னா வரேன்.”

நாத்தனாரோடு இந்தப் பேச்சு நடந்து பதினெட்டு நாள் ஆகிறது. தினமும் காலையில் பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அவளுக்கு இதுதான் ஞாபகத்துக்கு வரும். வேலைக்குன்னா வரேன் என்று எவ்வளவு விறைப்பாகச் சொன்னோம் என்று ஒரு பக்கம் பெருமையாக இருக்கும். இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் அந்தப் பெருமை கரைந்துவிடும்; இறங்க வேண்டிய இடம் வருவதற்கு முன்னாலேயே எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

பேணி என்பது சேமியாவில் ஒரு ஜாதி. தலைமுடியைவிட மெல்லிய இழைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, குருவிக்கூடு மாதிரி சுருண்டு, நெய்யில் வெள்ளை மாறாமல் பொரிந்திருக்கும். நோன்பு மாதத்தில் விடியலுக்கு முன் எழுந்திருப்பவர்கள் ஒரு கிண்ணத்தில் ஒரு சுருளை வைத்துச் சர்க்கரை போட்ட சூடான பாலை ஊற்றுவார்கள். கண்ணெதிரே அது பொசுக்கென்று அடங்கி, வழுக்கிக்கொண்டு தொண்டையில் இறங்கும். மற்ற பதினொரு மாதமும் அதை ஏறெடுத்துப் பார்க்காதவர்கள்கூட இந்த மாதத்தில் அது இல்லாமல் நோன்பு பிடிக்க மாட்டார்கள்.

அவள் கணவனின் வீட்டுக்குப் பின்னால் ஒரு நீளக் கொட்டகை. அதுதான் பட்டறை. கொட்டகையிலிருந்து வீட்டுச் சமையலறைக்குப் போக ஒரு கதவு உண்டு. ஒன்பது வருடம் அவள் ஒரு நாளைக்கு நூறு தடவை போய்வந்த கதவு. இந்தப் பதினெட்டு நாளும் அதன் பக்கம் அவள் திரும்பவில்லை. சந்துப் பக்க வாசல் வழியாக வந்து, கொட்டகைக் குழாயில் கை கழுவி, மாலையில் நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்னாலேயே அதே சந்து வழியாகக் கிளம்பிவிடுவாள். நோன்பு திறப்பது அம்மா வீட்டுக்குப் போகும் பேருந்தில்தான். பையில் எப்படியோ ஒரு பொட்டலம் இருக்கும். நான்கு பழத்துண்டு, ஒரு சின்னப் பாட்டில் தண்ணீர்.

“உங்கண்ணன் குடுக்கச் சொன்னாரா?” என்று முதல் நாள் நாத்தனாரைக் கேட்டாள்.

“சொல்லல. வெச்சாரு.”

அதுதான் அவன். சொல்ல மாட்டான், வைப்பான். தெருவில் அவனுக்கு ஊமை மாஸ்டர் என்று பெயர். அவனுக்குச் சேர வேண்டிய பேச்சையும் சேர்த்துக் கடவுள் தங்கைக்குக் கொடுத்துவிட்டார் என்பார்கள். அவளுக்கு ரேடியோ என்று பெயர். கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாலும், நோன்பு மாதம் முழுக்க வாணலிக்கு முன்னால்தான் இருப்பாள். ஒரு குச்சியைச் சுருளின் நடுவில் விட்டுச் சுழற்றிச் சுழற்றிப் பொரித்துக்கொண்டே, பேசாமல் இழுக்கும் இரண்டு பேருக்கும் நடுவில் தபால் பட்டுவாடாவும் பார்த்துக்கொண்டாள். “அண்ணி, மாவு இன்னும் ஊறணுமாம்.” “அண்ணா, பசை தீந்துடுச்சாம்.” எட்டடி மேஜையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அவள் வழியாகத்தான் செய்தி போகும்.

பேணி இழுக்க இரண்டு பேர் வேண்டும். மாவைத் தடிமனான வளையமாக உருட்டி, நெய்யும் சோள மாவும் குழைத்த பசையைத் தடவி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேஜையின் நீளத்துக்கு இழுக்க வேண்டும். முறுக்கி மடித்தால் ஒன்று இரண்டாகும். சற்று ஊறவிட்டு மறுபடி இழுத்து மடித்தால் இரண்டு நான்காகும். இப்படிப் பன்னிரண்டு மடிப்பு. கடைசி மடிப்பில் நாலாயிரம் இழைக்கு மேல் இருக்கும். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் ஒரு நூலளவு விட்டுக் கொடுக்க வேண்டும். எப்போது விட வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தர முடியாது. எதிராளியின் தோளைப் பார்த்தே கைக்குத் தெரியும். ஆணிக்கு அது தெரியாது. அதனால்தான் அறுந்தது.

அவளுக்குத் தெரியும். முதல் நாள் வந்து வளையத்தைக் கையில் வாங்கிய உடனேயே, அவள் அம்மா வீட்டுக்குப் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது என்பதைக் கை மறந்துவிட்டது. அவன் மூச்சை இழுத்தால் இவள் மணிக்கட்டு தானாகத் தளர்ந்தது. அதுதான் அவளை நிம்மதியாக இருக்க விடாமல் செய்தது. கை இவ்வளவு சுளுவாகச் சேர்ந்துகொள்கிறது, வாய்க்கு மட்டும் என்ன கேடு?

இதற்கு நடுவில் அவள் தம்பி வேறொரு ஊரில் ஒரு வேலை பார்த்து வைத்திருந்தான். பெரிய ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் மேற்பார்வை, தங்க இடமும் உண்டு. நோன்பு மாதம் முடிந்த மறுநாள் சேர வேண்டும். “இப்படி நடுவுல தொங்கிக்கிட்டு எத்தனை நாளைக்கு அக்கா இருப்பே?” என்றான். போய்விட்டால் போனதுதான் என்பது அவளுக்குத் தெரியும். அந்த ஊரிலிருந்து யாரும் பேணி இழுக்க வரப் போவதில்லை. ரேடியோ இந்தச் செய்தியையும் ஒலிபரப்பாமல் இருக்கவில்லை. கேட்டுவிட்டு அவன் மாவின் மேல் ஈரத்துணியை இழுத்து மூடினானாம், அவ்வளவுதானாம்.

மூன்று நாளாக வானம் வேறு இருண்டு இருண்டு, பெய்யாமல் மழுப்பிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குள் மின்விசிறி போடக் கூடாது. காற்றுப் பட்டால் இழையின் தோல் காய்ந்து அறும். சன்னலையும் சாத்தி, தரையில் ஈரச் சாக்கு விரித்து, அடுப்பு ஒரு பக்கம் எரிய, தண்ணீர் குடிக்காமல் நிற்க வேண்டும். கழுத்து வியர்வை முதுகில் இறங்கும்போதெல்லாம் மழையை நினைப்பாள். மழையும் அந்த வீட்டு மனிதர் மாதிரியே, வருவதுபோல் வந்துவிட்டுப் பேசாமல் போனது.

அந்தச் சமயத்தில்தான் ரேடியோ பழுதாயிற்று.

மாவு பிசையும் தண்ணீரில் உப்புப் போடுவது நாத்தனாரின் பொறுப்பு. பகலில் யாரும் ருசி பார்க்க முடியாது என்பதால், மாலையில் நோன்பு திறந்ததும் அண்டாத் தண்ணீரில் உப்பைக் கரைத்து, நாக்கில் வைத்துப் பார்த்து, மூடி வைத்துவிடுவாள். காலையில் அந்தத் தண்ணீரை எடுத்து மாவில் ஊற்ற வேண்டியதுதான். அன்றைக்குப் பார்த்து அவளுக்குக் கடைவாய்ப் பல் தெறித்தது. மாலையில் நேராகப் பல் டாக்டரிடம் ஓடியவள், மறுநாள் காலையில் வாயில் பஞ்சும், தாடையைச் சுற்றித் துணிக்கட்டுமாக வந்து வாணலி முன்னால் உட்கார்ந்தாள். அண்ணி என்று கூப்பிட்டது ம்ம்ம் என்று கேட்டது.

அண்டா மூடியபடி இருந்தது. நேற்று நாத்தனார்தான் சீக்கிரம் போய்விட்டாளே, உப்பு யார் போட்டிருப்பார்கள் என்று அவள் யோசித்தாள். திறந்து பார்த்தாள். உப்புத் தண்ணீரும் வெறும் தண்ணீரும் பார்வைக்கு ஒன்றுதான். எட்டடி தூரத்தில் அவன் முதுகைக் காட்டிக்கொண்டு மாவு சலித்துக்கொண்டிருந்தான். ‘உப்புப் போட்டாச்சா?’ இரண்டே வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இதையும் நாமே முதலில் கேட்க வேண்டுமா என்று தோன்றியது. அடுத்த நிமிடம் ஒரு கை நிறைய உப்பை அள்ளிப் போட்டு அகப்பையால் கலக்கினாள்.

கலக்கும் சத்தம் கேட்டு அவன் திரும்பிப் பார்த்ததை அவளும் பார்த்தாள். அவன் மறுபடி சல்லடைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்று மாவு முரண்டு பிடித்தது. இழுக்க இழுக்கச் சுருங்கிக்கொண்டு பின்னாலேயே வந்தது. உப்பு கூடினால் மாவு இறுகும் என்பது இரண்டு பேருக்கும் தெரியாத விஷயமில்லை. இரண்டு பேரும் வானிலையைக் குற்றம் சொல்லி மனசுக்குள் சமாதானமாகிக்கொண்டார்கள். ரேடியோ வாய் திறந்திருந்தால் ‘என்னா மாவு இன்னைக்கு ரப்பர் மாதிரி’ என்று ஆரம்பித்து, பத்து நிமிடத்தில் உண்மையைத் தோண்டி எடுத்திருப்பாள். பெட்டி பெட்டியாகச் சரக்கு அன்று மாலை பால்கடைக்குப் போயிற்று.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பால்கடைக்காரர் நான்கு பெட்டியைத் திருப்பித் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

“மாஸ்டர், நேத்து அனுப்புனது பேணியா, கருவாடா?”

யாருக்கும் புரியவில்லை.

“எங்க வீட்டம்மா விடியக்காலையில ஒரு வாய் வெச்சா. பால் கெட்டுப் போச்சுன்னு கீழ கொட்டிட்டு வேற பால் காய்ச்சுனா. அதையும் கொட்டுனா. பால்கடைக்காரன் வீட்டுலயே பால் சரியில்லன்னா நான் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்குறது? அப்புறம் நான் வெறும் பேணியைக் கிள்ளி வாயில போட்டுப் பாத்தேன். எனக்கு வயித்துப் புண்ணு, நோன்பு இல்ல, நான் பாத்தேன். உப்பு, வெறும் உப்பு. தெருவுல பாதிப் பேரு அதைத் தின்னுட்டு, இப்பவே நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்காங்க. தண்ணி குடிக்க இன்னும் பத்து மணி நேரம் கிடக்கு. என் கடையைத் தாண்டிப் போறவன் எல்லாம் என்னை எப்படிப் பாக்குறான் தெரியுமா?”

அவளுக்குக் காது சூடாயிற்று.

“நான்தான் போட்டேன்,” என்றான் அவன், தரையைப் பார்த்து. “ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டு, ருசியும் பாத்தேன். ஆனா தப்பு என்னோடதுதான்.”

ருசி பார்த்தால் எப்படி உப்புக் கரிக்கும் என்று பால்கடைக்காரர் முழித்தார்.

“காலையில நானும் போட்டேன்,” என்றாள் அவள்.

நாத்தனாருக்குத் தாடைக்கட்டு அவிழ்ந்திருந்தது. வீக்கம் பாதி இருந்தது. அந்தப் பாதி வீக்கத்தோடு எழுந்து நின்றாள். ஒரு நாள் முழுக்க அடைத்து வைத்திருந்தது மொத்தமும் வெளியே வந்தது.

“நான் ஒரு நாள் வாயை மூடுனா இந்தக் குடும்பம் உருப்படாதா? ஒரே அண்டா. எட்டடி தூரம். ‘உப்புப் போட்டாச்சா’ன்னு ஒருத்தரை ஒருத்தர் கேட்டா நோன்பு முறிஞ்சா போயிடும்? அண்ணா, அண்ணி கலக்குனதை நீங்க பாக்கல?”

“பாத்தேன்.”

“பாத்துட்டு?”

“அடியில தங்குனதைக் கலக்குறான்னு நெனச்சேன்.”

“நெனச்சீங்க. கேக்கல. அன்னைக்கு அண்ணியைப் பாக்க அவங்க அம்மா வீட்டுக்குப் போனீங்களே, அங்கயும் இதேதான? வந்து என்கிட்ட என்ன சொன்னீங்க? ‘அவ அம்மா பக்கத்துலயே ஒட்டி நின்னா, நான் கூப்பிட்டா சங்கடப்படுவா, அதான் வந்துட்டேன்’னு. கேட்டா தெரியப்போகுது, சங்கடமா இல்லையான்னு.”

பசைக் கிண்ணத்தை எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அந்த நாளை அவள் மனசில் வேறு மாதிரி வைத்திருந்தாள். அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததும் பார்த்துக்கொள்ளப் போனவள் அவள். ஒரு மாதம் என்று போனது. இரண்டாம் மாதம் அம்மா கோலூன்றி நடந்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வருவதாக நாத்தனார் சொல்லியிருந்தாள். அவள் விடிகாலையில் குளித்து, புடவைகளை மடித்துப் பையில் அடுக்கி, கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அவன் வந்தான். முன்னறை நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்தான். அம்மாவிடம் காலைப் பற்றி விசாரித்தான். கொண்டுவந்த பழத்தை மேஜையில் வைத்தான். எழுந்து, நிலைப்படியைப் பார்த்து, “வரேன்” என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் அன்று மாலையே பையைப் பிரித்து ஒவ்வொரு புடவையாக அலமாரியில் திரும்ப வைத்தாள். வேண்டாதவளை எப்படிக் கூப்பிடுவான் என்று அன்றைக்கு முடிவு செய்ததுதான். கதவுக்குப் பின்னால் இருந்த பை அவனுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அம்மா பக்கத்தில் ஒட்டி நின்றது அம்மாவின் கால் இன்னும் தடுமாறியதால் என்பதும் அவனுக்கு எப்படித் தெரியும்?

பால்கடைக்காரர் இந்தக் குடும்பக் கதைக்கெல்லாம் நேரமில்லாதவர். இன்று மாலைக்குள் நல்ல சரக்கு வராவிட்டால், மிச்ச நாளுக்கு மிஷின் பேணிக்காரனிடம் போய்விடுவேன் என்றார். கொஞ்சம் இரக்கப்பட்டு, வேண்டுமானால் உப்புத் தண்ணீரை நானே ருசி பார்த்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன், நாக்கு எனக்கு ஒன்று சும்மாதானே இருக்கிறது என்று ஒரு மாவு மூட்டை மேல் உட்கார்ந்தார்.

அண்டாவைக் கழுவிப் புதுத் தண்ணீர் பிடித்தார்கள். அவன் உப்பு டப்பாவை எடுத்தான். ஒரு கணம் கையில் வைத்துக்கொண்டு நின்றான். தங்கையைப் பார்க்கவில்லை.

“நீ போடு,” என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவளிடம் அவன் பேசிய முதல் வார்த்தை. நாத்தனார் கையிலிருந்த வாணலிக் குச்சியைக் கீழே வைத்தாள். அவள் டப்பாவை வாங்கி, ஒரு கை அள்ளி, பாதியைத் திரும்ப டப்பாவிலேயே உதறிவிட்டு, மிச்சத்தைப் போட்டுக் கலக்கினாள். பால்கடைக்காரர் ஒரு கரண்டி வாயில் விட்டுக் கண்ணை மூடினார். “இது தண்ணி,” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மாவு பிசைந்து ஊறப் போட்டார்கள். பதினொரு மணிக்கு முதல் மடிப்பு. மாவு கையில் பூ மாதிரி வந்தது. இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவில் ஊறவிடும் நேரத்தில் அவள் உட்கார முடியாமல் உலாத்தினாள். குழாயடிக்குப் போனாள், கை கழுவினாள், காய்ந்த கையை மறுபடி கழுவினாள். நீ போடு என்றது உப்பைத்தானே, அதற்கு எதற்கு மனசு இப்படிக் குதிக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அவன் சொல்ல நினைத்தது அத்துடன் முடிந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா? ஐந்தாவது மடிப்பில் அவன் ஏதோ சொல்ல வருவது மாதிரி தொண்டையைச் செருமினான். ஒன்றுமில்லை, மாவுத் தூசி.

ஒன்றரை மணிக்குத் தம்பி போன் செய்தான். சந்து வாசலில் நின்று பேசினாள். அங்கே மேலதிகாரி இன்று சாயங்காலத்துக்குள் பதில் கேட்கிறாராம், இல்லாவிட்டால் வேறு ஆளைப் போடுகிறார்களாம். “சரின்னு சொல்லிடட்டுமா அக்கா?” என்றான்.

“அஞ்சு மணிக்கு நானே கூப்பிடுறேன்.”

“அஞ்சு மணிக்குள்ள என்ன புதுசா நடக்கப்போகுது?”

அவள் போனை அணைத்தாள். உள்ளே வந்தபோது அவன் மேஜையில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கேட்டிருக்கிறான். அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்ததிலிருந்தே தெரிந்தது. கேட்டுவிட்டுத் துடைக்கிறான். நாளைக்கு அவள் பையில் ஒரு பழத்துண்டு கூடுதலாக இருக்கும். வேலைக்குப் போகும் ஊருக்கும் ஒரு பொட்டலம் கட்டி வைப்பான். வைத்துக்கொண்டே இருப்பான், ஆயுசுக்கும்.

நாத்தனார் வாணலியில் நெய்யைக் காயவைத்துவிட்டுத் தட்டு எடுத்து வருகிறேன் என்று அந்தக் கதவு வழியாக வீட்டுக்குள் போனாள். தட்டுகள் அவள் காலடியிலேயே அடுக்கியிருந்தன. வழக்கமாக அரை நிமிடத்தில் ஓடி வருபவள் வரவேயில்லை.

பதினோராவது மடிப்பு முடிந்து, பன்னிரண்டாவதுக்கு இரண்டு பேரும் வளையத்தைத் தூக்கினார்கள். நாலாயிரமாகப் போகிற இரண்டாயிரம் இழையும் முன்கைகளில் கிடந்தன. கனமே இல்லாத மாதிரியும் இருக்கும், கொஞ்சம் அசைந்தால் அத்தனையும் போய்விடும் என்கிற கனமாகவும் இருக்கும். இந்த மடிப்பில் யாரும் பேசுவதில்லை. பேசினால் மூச்சு மாறும், மூச்சு மாறினால் கை மாறும். நடுவில் வைக்கவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது.

அவன் மெல்லப் பின்னால் நகர்ந்தான். அவளும் நகர்ந்தாள். இழைகள் மேஜைக்கு மேலே வெள்ளையாக நீண்டன. அந்த வெள்ளைக்கு அப்பால் அவன் முகம், வியர்வையோடு, நாற்பது வயதுக்குக் கொஞ்சம் அதிகமாகவே களைத்துப்போய், அவள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்த மனிதன் காத்திருக்கிறான் என்று அவளுக்குத் திடீரென்று பட்டது. தோளைப் பார்த்து எல்லாம் தெரிந்துகொள்ளப் பழகியவன். தோள் சொல்லாததை அவனுக்கு யார் சொல்வது?

“ஏங்க,” என்றாள்.

அவன் கண் தோளிலிருந்து முகத்துக்கு ஏறியது. இழைகள் ஒரு தடவை நடுங்கின. அவன் ஒரு நூலளவு விட்டுக் கொடுத்தான்.

“அஞ்சு மணிக்குத் தம்பிக்குப் பதில் சொல்லணும். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எட்டு மாசமா கேக்காம வெச்சிருக்கேன். நீங்களா செய்வீங்கன்னு இருந்தேன். கேட்டு வாங்குனா அதுக்கு என்ன மதிப்புன்னும் இருந்தேன். இப்ப அதெல்லாம் இல்ல.”

அவன் விட்டுக் கொடுத்த நூலளவை அவள் கை இழுத்துக்கொண்டது.

“என்னை வீட்டுக்கு வான்னு கூப்பிடுங்க. பேணிக்காக இல்ல, உங்க தங்கச்சி வாயால இல்ல. உங்க வாயால கூப்பிடுங்க.”